இரட்டைக் கம்பி வளையம்

ராகினி தொலைபேசியில் அந்த வளையத்தைப் பற்றிக் கேட்டபோது நல்லமுத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மனைவி தேவமலர் போய்ச் சேர்ந்த இந்தப் பதினோரு மாதத்தில் அவர் கண்ணிலிருந்து வந்ததெல்லாம் வெங்காயத்தின் நீர்தான்.

“அப்பா, அம்மா காதுல போடுவாங்களே, பெரிய வளையம், தங்கமும் வெள்ளியுமா கலந்து இருக்குமே, அத எடுத்து வைங்க. தெவசத்துக்கு வர்றப்ப எடுத்துக்கறேன். என் கல்யாண ரிசெப்ஷனுக்கு அதத்தான் போடப் போறேன்.”

“சரிம்மா.”

“நகை டப்பாவுலதான இருக்கு?”

“சரிம்மா.”

“என்னப்பா சரிம்மா? இருக்கா இல்லையான்னு கேட்டேன்.”

“இருக்கும்மா.”

ராகினி பேச்சை மாற்றினாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். வைத்துவிட்டாள். அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே இவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம், வேலை பார்க்கும் ஜொகூரிலிருந்து அவள் அழைத்தால் தேவமலர்தான் எடுப்பாள். கடைசியில், “உங்கப்பா இருக்காரு, நல்லா இருக்காரு” என்று அவளே சொல்லி முடித்துவிடுவாள். இப்போது இடையில் இருந்த ஆள் இல்லை. இருவரும் ஆற்றின் இரு கரையில் நிற்பவர்கள் போல, சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. நகை டப்பா காலி.

தேவமலர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய அக்காள் பவானேஸ்வரி வந்து சொல்லியிருந்தாள். “செத்தவங்க ஒடம்புல கெடந்த நகைய அப்படியே பிள்ள கழுத்துல போடக்கூடாது தம்பி. உருக்கிப் புதுசா அட்டிகை பண்ணிப் போடு. அம்மா ஆசீர்வாதமும் கூடவே இருக்கும், எந்தக் கொறையும் வராது.” அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். அவர்களுடைய அம்மாவின் தோடும் அப்படித்தான் உருகிப் பவானேஸ்வரியின் சங்கிலி ஆனது. அதனால் நல்லமுத்து டப்பாவில் இருந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் கொட்டி, ஜாசினில் இருக்கும் பரமேஸ்வரன் பத்தரிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்ன கொடுத்தோம் என்று அன்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த மாதங்களில் அவர் எதையுமே பார்க்கவில்லை.

அவர் மலாக்காவை ஒட்டிய புக்கிட் பெருவாங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றும்வரை நான்கு மணி நேரம் கையில் இருக்கும். மறுநாள் அந்த நேரத்தில் பேருந்தையே ஓட்டிக்கொண்டு ஜாசினுக்குப் போனார். பத்தர் கடை வாசலில் மஞ்சள் பேருந்து வந்து நின்றதும் பரமேஸ்வரன் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, எத்தன பிள்ளைங்களுக்குக் காது குத்தணும்?”

நல்லமுத்து சிரிக்கவில்லை. வளையத்தைப் பற்றிக் கேட்டார்.

பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். “அதுவா? ஒங்க முன்னாலதான உரச்சுப் பாத்தேன். ‘அண்ணே, இது தங்கம் இல்ல, வெள்ளி மேல முலாம் போட்டிருக்கு, அட்டிகைக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க’ன்னு சொன்னேன். நீங்கதான், ‘எல்லாத்தையும் உருக்கிடு’ன்னீங்க.”

“நானா சொன்னேன்?”

“நீங்கதான் லா. ‘வர்ற வெள்ளிய என்ன பண்ண’ன்னு கேட்டேன். மாரியம்மன் கோயில்ல கவசத்துக்கு வெள்ளி சேக்கறாங்க, அதுல சேத்துடுன்னீங்க. சேத்துட்டேன். ரசீதுகூட ஒங்ககிட்ட குடுத்தேனே அண்ணே.”

பேருந்துக்குத் திரும்பிப் போய், கதவின் பக்கப் பையில் கிடந்த பெட்ரோல் சீட்டுகளுக்கு நடுவே தேடினார். ரசீது இருந்தது. தேவமலரின் பெயரில் வெள்ளி நன்கொடை. கோயில் முத்திரை. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கோபமோ துக்கமோ வரும் என்று சற்று நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் தன்னுடையதாக இல்லாமல் இருக்குமே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

“பாப்பா கேக்குதா?” என்றார் பத்தர்.

தலையாட்டினார்.

பத்தர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று இன்னொரு முறை சொல்லவும் இல்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் நன்மையில் ஒரு பங்கு, சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. ஒரு காகிதத்தைக் கிழித்து முகவரி எழுதினார். “ஹரிதாஸ்னு ஒருத்தர் மலாக்கா டவுன்ல இருக்காரு. வெளிநாட்டுக்காரங்க டிசைன் பண்ண பழைய தோடு, கைக்கடிகாரம், கைப்பை, இதெல்லாம் தேடிப் புடிச்சு விக்கறவரு. மாட்டற கொக்கி, கொளுத்து உடஞ்சா என்கிட்டதான் வேலைக்கு வரும். அந்த வளையத்துல உள்பக்கமா கையெழுத்து மாதிரி ஒரு பேரு வெட்டியிருந்துச்சு. அந்த மாதிரி சாமான் அவருகிட்டதான் கெடைக்கும். அதே மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க.”

அதே மாதிரி ஒன்று. நல்லமுத்துவுக்கு அது சரியாகப் பட்டது. வாங்கி டப்பாவில் வைத்துவிட்டால் ராகினி எடுத்துக்கொள்வாள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இருக்கும் ஒரே பிள்ளை, அம்மாவின் வளையத்தை அப்பா உருக்கிவிட்டார் என்று தெரிந்தால், சாப்பிட்டீங்களா என்று கேட்பதையும் நிறுத்திவிடுவாள்.

திரும்பும் வழியில் கோயிலில் இறங்கினார். அம்மன் புதுக் கவசத்தில் பளபளவென்று இருந்தாள். இதில் எந்த இடத்தில் என்று தோளையும் மார்பையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. குருக்கள் தட்டோடு வந்து யார் பெயருக்கு என்று கேட்டார்.

“ராகினி,” என்றார். நட்சத்திரம் கேட்டதற்குத் தெரியவில்லை. “அவங்கம்மாவுக்குத் தெரியும்,” என்றார்.

குருக்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்பாளுக்கும் தெரியும்,” என்று சொல்லித் தட்டோடு சன்னதிக்குள் போனார்.

ஹரிதாஸின் கடை பழைய தெரு ஒன்றில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நாற்பது வயதிருக்கும். வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கைப்பையின் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து சொன்னதைக் கேட்டுவிட்டு மூன்று தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். முழுக்க வளையங்கள். மெலிந்தவை, தடித்தவை, தங்க நிறம், வெள்ளி நிறம், இரண்டும் கலந்தவை.

நல்லமுத்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். “எத்தன கிராம்?”

“இத கிராம்ல விக்கறதில்லண்ணே,” என்று ஹரிதாஸ் சிரித்தார். “நம்ம ஆளுங்க வந்தா எல்லாரும் இதத்தான் மொதல்ல கேப்பாங்க. இதுல தங்கம் பேருக்குத்தான் இருக்கும். யாரு வரஞ்சது, எந்தக் காலத்துல வந்தது, எப்படி வச்சிருந்தாங்க, அதுக்குத்தான் வெல. ஒங்களுக்கு எந்த மாதிரி வேணும்?”

“தங்கமும் வெள்ளியும்.”

“அது நாலு விதமா இருக்கு பாருங்க. இது முன்பக்கம் தங்கம், பின்பக்கம் வெள்ளி. இது பாதிப் பாதி. இது வெள்ளி வளையத்துல தங்கப் பூண். இது ரெண்டு கம்பிய முறுக்கினது. எது?”

நல்லமுத்து நான்கையும் பார்த்தார். எது என்று தெரியவில்லை. தன் கைபேசியில் இருந்த ஒரே படத்தைக் காட்டினார். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. தேவமலர் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடிக்கும் பூவுக்கும் இடையில் ஒரு வளைவு மட்டும் மின்னியது. பெரிதாக்கினால் வெறும் வெளிச்சப் புள்ளிதான் தெரிந்தது.

“வீட்டுல யாருகிட்டயாவது கேட்டுப் பாருங்களேன்,” என்றார் ஹரிதாஸ்.

ராகினியிடம் கேட்க முடியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஜானகியை அழைத்தார். ஹோட்டல் சலவைப் பிரிவில் தேவமலரோடு பதினெட்டு வருடம் வேலை செய்தவள் ஜானகி. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். பின்னால் இயந்திரங்கள் சுழலும் சத்தம் கேட்டது.

“வளையமா? முறுக்குக் கம்பி அண்ணே. ஒரு கம்பி தங்கம், ஒரு கம்பி வெள்ளி, ரெண்டையும் சேத்து முறுக்கியிருக்கும். ஏன், ஒங்களுக்குத் தெரியாதா?”

“சரியா ஞாபகம் இல்ல.”

“நல்லா இருக்கு போங்க. முப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கீங்க, பொண்டாட்டி காதப் பாத்ததில்லையா? சர்ச்சுல பழைய சாமான் வித்தாங்க, நானும் அவளும்தான் போனோம். நான் ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்குனேன், மூணே மாசத்துல பொகஞ்சு போச்சு. அவ இத வாங்குனா. வாங்கிட்டு ஒங்ககிட்ட காட்டறதுக்கு மூணு நாள் பயந்தா. காதுல வெள்ளிய மாட்டிக்கிட்டு நிக்கறியான்னு கேப்பீங்கன்னு. அப்பறம் துணிஞ்சு போட்டுக்கிட்டு ஒங்க முன்னாடி வந்து நின்னாளாம். நீங்க, ‘சோறு ஆச்சா’ன்னு கேட்டீங்களாம். மறுநாள் இங்க வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, சோப்புத் தண்ணி எல்லாம் கொட்டிப் போச்சு.”

நல்லமுத்து அந்த நாளைத் தேடினார். அவர் நினைவில் அப்படி ஒரு நாள் இருக்கவே இல்லை. அவள் ஒரு நாள் முழுக்கச் சிரித்த விஷயம் தன்னிடம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“எதுக்கண்ணே இப்பக் கேக்கறீங்க?”

“ஒண்ணு தொலஞ்சு போச்சும்மா. அதே மாதிரி வாங்கலாம்னு.”

வாயில் அந்தப் பொய் மிகச் சுலபமாக வந்தது.

“அதே மாதிரின்னா கஷ்டம்தான்,” என்றாள் ஜானகி. “அவளோட எடது வளையத்துல கீழ தங்கம் தேஞ்சு போயிருக்கும். ராகினி ஜொகூர் போனதுலேருந்து தெனமும் சாயங்காலம் போன். போனு ஒரசி ஒரசியே போயிருச்சு. எடது காதுலதான வச்சுப் பேசுவா. நாங்ககூடக் கேலி பண்ணுவோம்.” இயந்திரச் சத்தத்துக்கு மேல் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “இருங்க, கெஸ்ட்டோட கோட்டு ஒண்ணு சுருங்கிப் போச்சாம். அப்பறம் பேசறேன். சாப்பிடுங்க அண்ணே, ஒழுங்காச் சாப்பிடுங்க.”

தட்டில் இருந்த முறுக்குக் கம்பி வளையம் வேறு யாரோ செய்தது, அளவிலும் சிறியது என்றார் ஹரிதாஸ். உள்பக்கம் கையெழுத்துப் போலப் பெயர் வெட்டியவை எண்பதுகளில் கொஞ்ச காலம்தான் வந்தனவாம். அவற்றைச் செய்த நிறுவனமே இப்போது இல்லையாம். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். நல்லமுத்து பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். மருந்துக் கடைக்காரர் தன் கடையை மறைத்துக்கொண்டு நின்ற பேருந்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஹரிதாஸ் அழைத்தார். திவசத்துக்கு நான்கு நாள் இருந்தது.

“கெடச்சிருச்சுண்ணே. ஈப்போவுல ஒரு டீச்சரம்மா வச்சிருந்தாங்க. நேத்துதான் வந்துச்சு.”

மேசைமேல் கறுப்புத் துணியில் இரண்டு வளையங்களும் கிடந்தன. தங்கக் கம்பியும் வெள்ளிக் கம்பியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஓடி, கொளுத்தில் வந்து முடிந்தன. நல்லமுத்து அவற்றை நெடுநேரம் பார்த்தார். அவள் காதில் ஆடியது இதுதான். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்பது மூளைக்குத் தெரிந்தது, அதற்குக் கீழே எங்கும் போகவில்லை.

விலையைக் கேட்டு, எண்ணிக் கொடுத்தார். பிறகு இடது பக்க வளையத்தைத் தனியே எடுத்து வைத்தார்.

“இதுல கீழ்ப்பக்கம் கொஞ்சம் முலாத்தத் தேச்சுக் குடுக்க முடியுமா? ரொம்ப நாள் போட்டுத் தேஞ்ச மாதிரி.”

ஹரிதாஸ் கையுறையைக் கழற்றினார். “முடியாதுண்ணே.”

“தனியாக் காசு குடுத்துடறேன்.”

“காசுக்கு இல்ல. பழசப் புதுசாக்கிக் கேப்பாங்க, செய்வேன். முலாம் ஏத்துவோம், கொளுத்து மாத்துவோம், மாத்துனத எழுதியும் குடுத்துடுவோம். புதுசு மாதிரி இருக்கறதப் பழசாக்கிக் கேக்கறவங்க யாரையாவது ஏமாத்தறதுக்குத்தான் கேப்பாங்க. அத மட்டும் இந்தக் கடையில செய்யறதில்ல.” குரலை உயர்த்தாமல், இன்று மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போல் சொன்னார். பிறகு கேட்டார். “யார ஏமாத்தணும்ணே?”

“என் மகள,” என்றார் நல்லமுத்து.

ஹரிதாஸ் எழுந்துபோய் இரண்டு குவளையில் பால் இல்லாத தேநீர் கலக்கிக்கொண்டு வந்து ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். நல்லமுத்து சொல்ல ஆரம்பித்தார். டப்பாவைக் கொட்டியது, எல்லாவற்றையும் உருக்கு என்றது, கோயில் ரசீது, ஜானகியிடம் சொன்ன பொய், போன் உரசித் தேய்ந்த இடம். இவ்வளவையும் சேர்த்து அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன் குரல் வேறு யாருக்கோ நடந்ததைப் படிப்பதுபோல் அவருக்குக் கேட்டது.

ஹரிதாஸ் புத்தி எதுவும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த அட்டையை எடுத்தார். “எந்தப் பொருள் போனாலும் ஒரு சீட்டு எழுதித்தான் குடுப்பேன். எங்கேருந்து வந்துச்சு, என்ன கொற, யாருக்குப் போவுதுன்னு. வாங்கறவங்க வெளிய போய்க் கிழிச்சுப் போட்டுக்கலாம், அது அவங்க பாடு. நான் எழுதாமக் குடுக்கமாட்டேன். இங்கிலீஷ்ல எழுதவா, தமிழ்ல எழுதவா?”

“தமிழ்ல எழுதுங்க. மக தமிழ்ப்பள்ளியில படிச்சவதான்.”

ஹரிதாஸின் தமிழ் எழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தைப்போல் உருண்டையாக இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, கொளுத்துக்குப் பெரிய ளவா சின்ன லவா என்று கேட்டார். பேருந்து ஓட்டும் தன்னிடம் கேட்கிறாரே என்று நல்லமுத்து விழித்தார். இருவருமாகச் சேர்ந்து ஒருவழியாக எழுதி முடித்தார்கள்.

முறுக்கிய இரட்டைக் கம்பி வளையம், ஒரு ஜோடி. ஒரு கம்பி வெள்ளி. ஒரு கம்பி வெள்ளிமேல் தங்க முலாம். எண்பதுகளில் செய்தது. வலது கொளுத்து மாற்றப்பட்டது. முலாம் தேயவில்லை. முன்பு ஈப்போவில் ஓர் ஆசிரியையிடம் இருந்தது. வாங்கியவர் நல்லமுத்து, புக்கிட் பெருவாங்.

அட்டையை வளையங்களோடு சிறு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில், பேருந்தைக் கழுவிவிட்டு வந்தபின், நல்லமுத்து பெட்டியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் உப்புத்தாள் இருந்தது. பேருந்தில் துரு பிடித்த கம்பிகளைத் தேய்ப்பதற்கு வைத்திருந்தது. இடது வளையத்தை எடுத்துக்கொண்டு உப்புத்தாளை விரலில் சுற்றினார். இரண்டு இழு இழுத்தால் போதும். வெள்ளி தெரிந்துவிடும்.

பொய் சொல்வது பாவம் என்ற எண்ணம் அப்போது அவருக்கு வரவில்லை. நல்லவராக இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது. அந்தத் தேய்மானம் ஏழு வருடத்துச் சாயங்காலங்கள். காய்ச்சல், பரீட்சை, வாடகை அறையில் கூரை ஒழுகியது, பிடித்த பையனைப் பற்றி முதன்முதலில் சொன்னது, எல்லாம் அதில் இருந்திருக்கும். அம்மாவும் மகளும் பேசிய பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட அவருடையது இல்லை. பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அதைத் தன் கையால் தேய்த்துக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை?

உப்புத்தாளைக் கொண்டுபோய்ப் பேருந்துக் கருவிப் பெட்டியில் போட்டார். சீட்டைக் கிழிக்கவில்லை.

திவசத்தன்று வீட்டில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பவானேஸ்வரி விடியற்காலையிலேயே வந்து சமைத்தாள். ராகினி முதல் நாள் பேருந்தில் வந்திருந்தாள். படத்துக்குப் படைத்து, விழுந்து கும்பிட்டு, எல்லாரும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் கலைந்தார்கள். நல்லமுத்து எல்லாவற்றுக்கும் குனிந்தார், நிமிர்ந்தார், நீர் விட்டார். யாரோ அவர் தோளைத் தட்டி, நல்லபடியா முடிஞ்சிருச்சு என்றார்கள். ஆமாம் என்றார்.

பவானேஸ்வரி சமையலறையில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ராகினி வந்து, “அப்பா, அந்த வளையம்?” என்றாள்.

அவர் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் குறியாக இருந்தார். ஆகவே நின்றுகொண்டே சொன்னார்.

“இது அம்மாவோடது இல்லம்மா. அம்மாவோடத உருக்கிட்டாங்க. நான்தான் உருக்கச் சொன்னேன். இது அதே மாதிரி நான் வாங்குனது.”

ராகினியின் கை மூடியின்மேல் அப்படியே நின்றது. “எப்ப?”

“மூணாம் மாசம். அட்டிகைக்குக் குடுத்தப்ப அதுவும் சேந்து போயிருச்சு. அன்னிக்கு போன்ல நீ கேட்டப்ப இருக்குன்னு பொய் சொன்னேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருக்கலாம்.”

“எந்த நகைய உருக்கறோம்னுகூடப் பாக்கலயா?”

“பாக்கலம்மா.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பவானேஸ்வரி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். “உருக்கச் சொன்னது நான்தான் பிள்ள. அவன் எங்க நெனப்போட இருந்தான் அப்ப? நான் சொன்னதச் செஞ்சான்.”

“நீ தங்கத்தத்தான்க்கா சொன்ன,” என்றார் நல்லமுத்து. “பத்தரு எடுத்துட்டுப் போங்கன்னாரு. நான் கேக்கல.”

“நீ சும்மா இரு. பெரியவ நான் வந்து பாத்துக் குடுத்திருக்கணும்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் ராகினி. பெட்டியைத் திறக்காமலே எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பவானேஸ்வரி பின்னாலேயே போகப் பார்த்தாள். பிறகு போகாமல் திரும்பி, தம்பியின் கையில் ஒரு துடைக்கும் துணியைக் கொடுத்தாள். அவள் கழுவக் கழுவ அவர் துடைத்து அடுக்கினார். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அவர் தட்டுகளைத் தட்டுகளோடும், குவளைகளைக் குவளைகளோடும் வைத்தார். போய்விடுவாள், இனி வரமாட்டாள் என்று நினைத்தார். நினைத்தபடியே அடுத்த தட்டைத் துடைத்தார்.

நான்கு மணி வாக்கில் ராகினி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மேசையருகே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். வளையங்களைத் தொடாமல், முதலில் அட்டையை எடுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“இது யாரு கையெழுத்து?”

“கடக்காரரோடது. ஹரிதாஸ்னு பேரு.”

“யார விட்டு வாங்கச் சொன்னீங்க?”

“நானேதான் போனேன்.”

“நீங்களா? ஒங்களுக்குக் காய் வாங்கவே தெரியாது. எங்க இருக்கு கட?”

“டவுன்ல. மாடியில. ரெண்டு தடவ போனேன். எந்த மாதிரின்னு தெரியல, ஜானகிகிட்ட கேட்டேன். நான் ஒங்கம்மா காத சரியாப் பாத்ததே இல்லம்மா.”

ராகினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டு எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவள் கைநீட்டி அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

“இத நான் ரிசெப்ஷனுக்குப் போடமாட்டேன்ப்பா.”

“சரிம்மா.”

“அம்மாவோடதான்னு எல்லாரும் கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கா என்னால சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.”

“சரிம்மா.”

“வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போறேன். கேட்டா, எங்கப்பா வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லிக்கறேன்.” ஒரு வளையத்தை எடுத்துக் கொளுத்தைத் திறந்து மூடிப் பார்த்தாள். “கோவம் போயிருச்சுன்னு நெனக்காதீங்க. இன்னும் இருக்கு.”

“இருக்கட்டும்மா.”

பவானேஸ்வரி தேநீரைக் கொண்டுவந்து இருவருக்கும் வைத்துவிட்டு, எதுவுமே கேட்காதவள்போல் துணி எடுக்க வெளியே போனாள். ராகினி இரண்டு வளையங்களையும் மாட்டிக்கொண்டு, கைபேசியில் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி இருக்கிறதா என்று நல்லமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கடையில வேற என்னென்ன இருக்கு?”

“கைப்பை, கடியாரம். தட்டுத் தட்டா வளையம்.”

“அடுத்த தடவ வர்றப்பக் கூட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம வந்தாப் போலாமா?”

“ஞாயித்துக்கெழம மூடியிருக்கும்,” என்றார் நல்லமுத்து. “சனிக்கெழம வா. காலையிலயே வந்துரு.”